நல்லாயிட்டா மாத்திரையை நிறுத்தலாமா?



போன வருஷம் ஆடி மாசம் என் தாத்தாவுக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவமனையில் இதய இரத்தக் குழாயில் இருந்த அடைப்பை நீக்கி, 'ஸ்டென்ட்' என்ற சிறிய வலைக்குழாயை வைத்தார்கள். பொங்கலுக்குள் தாத்தா பழையபடி வயலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒரு நாள் சுண்ணாம்பு எடுக்க அவருடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள்!

"என்ன தாத்தா இது?"

"நான்தான் நல்லாயிட்டேனே கண்ணு. நோய் போனப்புறம் மருந்து எதுக்கு?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். மறுநாளே தாத்தாவை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அங்கே கேட்டதையும், அறிவியல் ஆசிரியை விளக்கியதையும் எழுதுகிறேன்.

1. ஆஸ்பிரின்: இரத்தத் தட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி உறைவதைத் தடுக்கும். ஒரு தட்டின் ஆயுள் சுமார் 7 முதல் 10 நாள்தான். தினமும் புதுத் தட்டுகள் உருவாகின்றன. அதனால்தான் தினமும் மாத்திரை.

2. குளோபிடோக்ரெல்: இதுவும் உறைவைத் தடுப்பதுதான். ஸ்டென்ட் வைத்தபின் பெரும்பாலும் ஒரு வருஷம் வரை கொடுப்பார்கள். நாமாகப் பாதியில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம்.

3. ஸ்டேட்டின்: கல்லீரல் கொழுப்பு உண்டாக்குவதைக் குறைக்கும். 1994-ல் வெளியான '4எஸ்' ஆய்வில் 4,444 இதய நோயாளிகளை ஐந்து வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். சிம்வாஸ்டேட்டின் சாப்பிட்டவர்களிடையே இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது.

4. பீட்டா தடுப்பான்: இதயத் துடிப்பின் வேகத்தையும் இதயத்தின் வேலைச் சுமையையும் குறைக்கும். திடீரென்று நிறுத்தினால் படபடப்பு, நெஞ்சுவலி வரலாம். இவ்வகை மருந்தை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றார்.

எல்லா மாத்திரையும் எல்லோருக்கும் ஆயுள் முழுக்கத் தேவைப்படாது. எதை எப்போது நிறுத்தலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வயிற்று எரிச்சல், தசைவலி என்றால் அவரிடம் சொல்லணும். மாற்று மருந்து தருவார். மலம் கறுப்பாகப் போனாலோ, இரத்தம் கசிந்தாலோ உடனே போகணும்.

தாத்தா அப்போதும் முணுமுணுத்தார். நான் கேட்டேன்: "ஒரு தடவை களை எடுத்துட்டா அப்புறம் வயல்ல களையே முளைக்காதா தாத்தா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்துவிட்டு, "சரி, குடு" என்றார்.

இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில் தினமும் ராத்திரி டிக் அடிப்பது என் வேலை. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அப்பாவுக்கு ஞாபகப்படுத்துவதும் நான்தான்.

நண்பர்களே, தாத்தா நல்லாயிட்டதால் மாத்திரை தேவையில்லை என்பது தப்பு. மாத்திரை வேலை செய்வதால்தான் அவர் நல்லா இருக்கிறார். இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள்: "மாத்திரை போட்டாச்சா?"

— 10ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு