லாரி மலை ஏறும் முன்

மணாலியிலிருந்து லே நகரம் 400 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் தங்லங் லா கணவாய். அதன் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். ஊர்கள் குறைவு. பல இடங்களில் செல்போன் பேசாது.

லாரி புறப்படத் தயார். ஓட்டுநர் கேட்கக் கேட்க, கிளீனர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். ஸ்டெப்னி டயர், ஜாக்கி, இழுக்கும் கயிறு, மண்வெட்டி. பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்க இரும்புச் சங்கிலி. டார்ச் விளக்கு, முதலுதவிப் பெட்டி, கம்பளி. தண்ணீர், வறுத்த கடலை, வெல்லம்.

"உஸ்தாத், இரண்டு நாள் வழி. நான்கு நாள் உணவு எதற்கு?"

"மலை சரிந்தால் பாதை அடைபடும். கையில் காசு இருக்கும். வாங்கக் கடை இருக்காது."

கிளீனர் கரி அடுப்பைக் கேபினில் வைத்தான். ஓட்டுநர் அதை வெளியே எடுத்தார்.

"மூடிய கேபினில் கரி எரிந்தால் விஷவாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். குளிருக்குக் கம்பளி போதும்."

பிறகு சொன்னார்: "உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். தலை வலிக்கும், வாந்தி வரும். அப்போது மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் உடனே கீழே இறங்க வேண்டும்."

கிளீனர் தலை குனிந்தான். போன தடவை அவனுக்குத் தலை வலித்தது. பயந்து மறைத்துவிட்டான்.

"இனிச் சொல்லிவிடுகிறேன், உஸ்தாத்."

"அதுதான் முதல் மருந்து, மகனே."

கிளீனர் எல்லாப் பொருள்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதினான். கேபின் கதவில் ஒட்டினான். மீண்டும் ஒரு முறை படித்துச் சரிபார்த்தான். லாரி கிளம்பியது.

பேசுவோம்:
1. கரி அடுப்பை ஏன் வெளியே எடுத்தார்?
2. நெடும் பயணத்துக்கு நீங்கள் எவற்றை எடுத்துச் செல்வீர்கள்? பட்டியல் எழுதுங்கள்.