நகையும் உறுதியும்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குச் செல்லும் சாலையில் செம்பட்டி என்னும் ஊர் உள்ளது. இத்தகைய ஊர்களில் கோயில் திருவிழாக் காலங்களில் விடியவிடிய நாடகம் நடைபெறுவது நெடுநாளைய வழக்கம். அந்நாடகங்களில் பபூன் எனப்படும் கோமாளி மேடைக்கு வந்ததும், உறங்கிய சிறுவரும் எழுந்து உட்காருவர். ஊரே கலகலவென நகைக்கும். ஆயினும், இரவெல்லாம் தம்மை மகிழ்வித்த கலைஞரைப் பொழுது விடிந்தபின் மதித்தவர் சிலரே. ‘கூத்தாடி’ என்று இகழ்ந்தவரே பலர். நடிப்பவர் பெண்ணாயின் அவ்விகழ்ச்சி இருமடங்காகும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்று விளங்கிய பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடங்களையும் சிறுவர்களே புனைந்தனர். பெண்கள் நடித்த குழுக்கள் சிலவே இருந்தன. 1931ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ என்னும் பேசும் படம் வெளிவந்தது. அதன்பின் திரைப்படங்களுக்கு நடிகையர் பலர் தேவைப்பட்டனர். அவ்வாறு வந்தோருள், நகைச்சுவை நடிப்பால் தமிழ் மக்களின் உள்ளத்தில் நிலைத்த இடம் பெற்றவர் டி. ஏ. மதுரம் அம்மையார்.

மதுரம் அம்மையார் காவிரி சூழ்ந்த திருவரங்கத்தில் பிறந்தவர். 1935இல் ‘இரத்னாவளி’ என்னும் படத்தில் நடித்தார். அடுத்த ஆண்டில் ‘வசந்தசேனா’ படத்தில் நடிப்பதற்காகப் புனாவுக்குச் சென்றார். அங்கே அவருடன் நடித்தவர் நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த என். எஸ். கிருஷ்ணன், பிற்காலத்தில் ‘கலைவாணர்’ எனப் போற்றப்பட்டவர். கலையில் இணைந்த இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தனர்.

அக்காலத் திரைப்படங்களில் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் கதையினின்றும் தனித்து நிற்கும். அதனைத் தனியே உருவாக்கிப் படத்தில் சேர்ப்பதும் உண்டு. இவ்விருவரும் நடித்த பகுதிகளைக் காண்பதற்கென்றே மக்கள் கொட்டகைக்குச் சென்றனர். ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘கண்ணகி’, ‘ஹரிதாஸ்’ முதலிய படங்களில் அவர்கள் இணைந்து நடித்தனர். தம் பாடல்களைத் தாமே பாடினர்.

மதுரம் அம்மையாரின் நகைச்சுவைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கணவன் அறிவுரை கூற, மனைவி வாய்மூடிக் கேட்டு நிற்கும் நடிப்பன்று அது. கணவன் ஒன்று கூறினால், மனைவி அதனை மடக்கி வேறொன்று கேட்பாள். வினாவும் விடையும் பந்தாட்டம்போல் மாறிமாறிச் செல்லும். வெகுளியைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு, கூரிய கேள்வியை எழுப்புவதில் அம்மையார் வல்லவர். அச்சிரிப்பினூடே மூடநம்பிக்கை, வீண் பெருமை, குடிப்பழக்கம் ஆகியவற்றின் தீமைகளும் மக்களுக்கு விளங்கின.

புகழின் உச்சியில் இருந்தபோது இடி விழுந்தாற்போல் ஒரு துன்பம் வந்தது. 1944ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் பயனளிக்கவில்லை.

இவர்கள் நடித்த ‘ஹரிதாஸ்’ 1944ஆம் ஆண்டுத் தீபாவளியன்று வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. திரையில் கிருஷ்ணனையும் மதுரத்தையும் கண்டு மக்கள் வயிறு குலுங்க நகைத்துக்கொண்டிருந்தனர். அதே வேளையில் அவர் சிறைக்கம்பிகளுக்குள் இருந்தார்; இவர் வழக்கறிஞர்களை நாடி அலைந்துகொண்டிருந்தார். நகைச்சுவைக் கலைஞரின் வாழ்வில் இதனினும் கொடிய முரண் வேறு யாது?

அம்மையார் கண்ணீர் வடித்து வீட்டினுள் ஒடுங்கிவிடவில்லை. வழக்கிற்குப் பெரும்பொருள் தேவைப்பட்டது. கிருஷ்ணனை நம்பி வாழ்ந்த கலைஞர் குடும்பங்களும் இருந்தன. இரண்டு சுமைகளையும் அவர் தோளில் ஏற்றார். எஸ். வி. சகஸ்ரநாமம் உற்ற துணையாக நிற்க, என். எஸ். கே. நாடக சபை இயங்கியது. அச்சபை நடத்திய ‘பைத்தியக்காரன்’ என்னும் நாடகம், கைம்பெண் மறுமணத்தை வலியுறுத்தும் சீர்திருத்த நாடகமாகும். அதுவே கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 1947இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. அதுவரை இணையருள் ஒருவராக அறியப்பட்டவர், இப்பொழுது ஒரு குழுவைத் தாங்கும் தலைவியாக விளங்கினார்.

வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. அம்மன்றம் அதனை மீண்டும் விசாரிக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்திற்கு அனுப்பியது. வழக்கறிஞர் எத்திராஜ் திறம்பட வாதாடினார். 1947ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் கிருஷ்ணனும் பாகவதரும் குற்றமற்றவர்களெனத் தீர்ப்பளிக்கப்பெற்று விடுதலை அடைந்தனர்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து மீண்ட கலைஞருக்கு ஒரு மேடை காத்திருந்தது, குழு கலையாதிருந்தது. மனைவியின் உழைப்பே அதற்குக் காரணம். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’, 1951இல் வெளிவந்த ‘மணமகள்’ முதலிய படங்களில் மக்கள் இருவரையும் மீண்டும் ஒருங்கே கண்டு மகிழ்ந்தனர். கலைவாணர் 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் மறைந்தார். மதுரம் அம்மையார் 1974இல் காலமானார்.

பிறரைச் சிரிக்க வைப்பவர் வாழ்க்கையை விளையாட்டாகக் கருதுபவர் என்று எண்ணுதல் பிழை. துன்பம் வந்த காலத்து உள்ளத்தால் நகுமாறு வள்ளுவப் பெருந்தகை நமக்கு அறிவுறுத்தினார். மதுரம் அம்மையாரோ துன்பத்தின் நடுவே தாமும் தளராது, பிறரையும் நகைக்கச் செய்தார். ‘கூத்தாடி’ என்று இகழ்ந்த உலகிற்கு அவர் சொல்லால் விடை கூறவில்லை. வாழ்ந்து விடை கூறினார்.