பாய்மரம் சாயாதிருக்க: பழைய யாட் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

1960, 70களில் பிரிட்டனிலும் சுவீடனிலும் அமெரிக்காவிலும் ஃபைபர் கிளாஸில் வார்த்த பாய்ப்படகுகள் பல இன்னும் கடலில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிசினும் இழையும் தாராளமாகப் போட்ட உடல் என்பதால் எளிதில் அழியாது. சுவீடனின் அல்பின் வேகா அப்படிப்பட்ட ஒன்று, 27 அடிதான். அந்த வகைப் பழைய படகில்தான் மாட் ரதர்ஃபோர்டு 2011-12இல் தனியாளாக, எங்கும் கரையேறாமல், 309 நாளில் இரண்டு அமெரிக்கக் கண்டங்களையும் சுற்றி வந்தார். ஆனால் உடலுக்கு இருக்கும் ஆயுள் பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிக்கும் பின்னுக்கும் கிடையாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரிப்பிலிருந்து காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். ஆக்சிஜன் பட்டுக்கொண்டிருந்தால் அது கீறினாலும் தானே வளரும். உப்புநீர் தேங்கிக் காற்றுப் புகாத இடுக்கில் வளராது. அங்கே உலோகம் உள்ளுக்குள் அரிக்கும், வெளியே பளபளக்கும். அதனால் மறைந்த இடங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

1. கம்பி வடத்தின் மேல் பஞ்சையோ மெல்லிய துணியையோ சுற்றி, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் பஞ்சு அதில் சிக்கும். வெறுங்கையால் தடவாதீர்கள், இழை முனை ஊசிபோல் விரலில் ஏறிவிடும். 19 இழை கொண்ட வடத்தில் ஒன்று அறுந்திருந்தால் வடம் முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும். அறுந்ததை நறுக்கிவிட்டு "இன்னும் பதினெட்டு இருக்கிறதே" என்று விடுவது ஆபத்து. ஒன்றை அறுத்த காரணம் மற்றவற்றிலும் வேலை செய்துகொண்டிருக்கும்.

2. கம்பியின் நடுப்பகுதி அநேகமாக நன்றாகவே இருக்கும். பார்க்க வேண்டியது முனைகளை, அதிலும் கீழ் முனையை. மழையும் கடல்நீரும் கம்பி வழியே இறங்கி, அழுத்திப் பொருத்திய முனைக்குழாய்க்குள் கிண்ணத்தில் தேங்குவதுபோல் தேங்கும். குழாயின் வாயில் பழுப்புக் கறை, குழாயின் மேல் நீளவாக்கில் மயிரிழை விரிசல், குழாயே வாழைப்பழம்போல் லேசாக வளைந்திருப்பது, இந்த மூன்றில் எதைக் கண்டாலும் அந்த முனையை நம்பாதீர்கள். சந்தேகமாக இருந்தால் வெல்டிங் பட்டறையில் பயன்படுத்தும் சிவப்புச் சாயச் சோதனை செய்யலாம். சாயத்தைத் தடவி ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பி வரும். ஒரு பூதக்கண்ணாடியும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாவிட்டாலும், பத்தாண்டு ஆன வடங்களை மாற்றுவதே பொதுவான வழக்கம். பல காப்பீட்டு நிறுவனங்களும் இதையே எதிர்பார்க்கின்றன. படகை வாங்கும்போது வடம் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது கேளுங்கள். இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

4. புது முனை பொருத்த எப்போதும் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. கூம்பு வைத்துத் திருகி இறுக்கும் முனைகள் கிடைக்கின்றன. ஹேக்சா, வைஸ், இரண்டு ஸ்பானர் இருந்தால் படகிலேயே செய்துவிடலாம். மீண்டும் திறந்து பார்க்கவும் முடியும். உள்ளே இருக்கும் கூம்பை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். இறுக்குவதற்கு முன் உள்ளே சீலன்டை நிரப்பிவிட்டால் நீர் தேங்க இடமிருக்காது.

5. காட்டர் பின். வடத்தைக் கோக்கும் குறுக்குப் பின் நழுவாமல் அதன் துளையில் செருகும் சிறு பின் இது. படகிலேயே மலிவான பொருள் இதுதான், பாய்மரம் விழுந்த கதைகளில் அடிக்கடி வருவதும் இதுதான். ஒரு வசந்த காலக் காலையில் தளத்தைக் கழுவும்போது என் காலடியில் வளைந்த காட்டர் பின் ஒன்று உருண்டது. எங்கிருந்து விழுந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. முன்வடத்தின் மேல் முனை! குறுக்குப் பின் பாதி வெளியே வந்திருந்தது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் எல்லாவற்றையும் புதிதாகவே போடுகிறேன். நீளம், அது காக்கும் பின்னின் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கு போதும். கால்களைச் சற்றே விரித்தால் போதும். சுருட்டி மடக்கினால் உலோகம் களைத்துப்போகும், அவசரத்தில் கழற்றவும் வராது. கூர்முனை பாயைக் கிழிக்காமலிருக்க ஒரு சொட்டு சிலிக்கோன் வையுங்கள்.

6. டர்ன்பக்கிளை (வடத்தை இறுக்கும் திருகு) டேப்பால் இறுகச் சுற்றி மூடுவது பலருக்குப் பழக்கம். நான் செய்வதில்லை. ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான் அது. ஆண்டுக்கொரு முறை பிரித்து, பழைய பல் துலக்கியால் மரையைத் தேய்த்து, லனோலின் கிரீஸ் தடவுங்கள். ஸ்டெயின்லெஸ் மரை ஸ்டெயின்லெஸ் மரைக்குள் உராய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையவே அசையாது. வெண்கல உடல் கொண்ட பழைய டர்ன்பக்கிளில் இந்தத் தொல்லை குறைவு. உங்கள் படகில் அது இருந்தால், விரிசல் இல்லாதவரை தூக்கிப் போடாதீர்கள்.

7. செயின்பிளேட். பக்க வடங்களின் இழுப்பு முழுவதையும் படகின் உடலுக்குக் கடத்தும் பட்டை இது. தளத்தைத் துளைத்துக் கீழே போகும் வகையாக இருந்தால், தளத்தின் கனத்துக்குள் மறைந்திருக்கும் இரண்டு அங்குலம்தான் எமன். மேலேயும் கீழேயும் பார்த்தால் கண்ணாடிபோல் இருக்கும். வெளியே இழுத்தால் நடுவில் பூச்சி அரித்த பலகைபோல் குழிகள். ஆகவே ஒரு முறையாவது எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். பாய்மரம் நிற்கையில் ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் அந்தப் பக்கத்தை ஒரு கயிற்றால் கட்டித் தாங்கிய பிறகு. துரு வழிந்த கறை, அறைக்குள் மரப்பலகையில் கருமை, மழைக்குப் பின் அலமாரியில் ஈரம், இவையெல்லாம் முன்னறிவிப்புகள். குழி விழுந்த பட்டையை மெருகேற்றித் திரும்பப் போடாதீர்கள். அதே அளவில் 316 தரப் பட்டையில் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

8. பழைய தளங்களின் நடுவே பால்சா மரம் இருக்கும். போல்ட் துளை வழியே நீர் இறங்கினால் அது ஊறிக் கூழாகிவிடும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தளத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நலம், மொத்தென்று கேட்டால் ஈரம். துளையைப் பெரிதாக்கி, அழுகியதைச் சுரண்டி, நன்கு காயவிட்டு, கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவே மறுபடி துளையிடுங்கள். மேல் விளிம்பைச் சற்றுச் சரிவாகக் குடைந்து பியூட்டைல் டேப் வைத்து இறுக்கினால் பல ஆண்டு கசியாது. சிலிக்கோன் இங்கே வேண்டாம். அதன் பிசுக்கு ஒட்டிய இடத்தில் பிறகு வேறெதுவும் சரியாக ஒட்டாது.

9. அலுமினியப் பாய்மரத்தில் ஸ்டெயின்லெஸ் திருகு போட்டால் உப்புநீரில் அலுமினியம்தான் தேயும். வெள்ளைப் பொடியாகக் குமிழ் விட்டு நிற்பது அதுதான். இடையே டியூராலாக் போன்ற தடுப்புப் பேஸ்ட் தடவுங்கள். ரிவிட் என்றால் மோனல் உலோகத்தில். வடம் பாய்மரத்தில் கோக்கும் இடத்தின் துளை நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உலகைத் தனியாளாகச் சுற்றும் 2018ஆம் ஆண்டு கோல்டன் குளோப் படகுப் பந்தயத்தில், நவம்பரில் பசிபிக் கடலில் படகு கவிழ்ந்து எழுந்தபோது, பக்க வடங்களைப் பிடித்த போல்ட் பாய்மரத்தைக் கிழித்துக்கொண்டு சில சென்டிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. எழுபதைக் கடந்த ஜான்-லுக் வான் டென் ஹீட் தாமே மேலே ஏறி அதை இழுத்துக் கட்டி, 2019 ஜனவரி 29இல் முதலாவதாகக் கரை சேர்ந்தார்.

10. பாய்மரம் தளத்தின்மேல் நிற்கும் படகில், அறைக் கதவு திடீரென்று இறுகி மூடாமல் போனால் கதவைச் சீவாதீர்கள். கீழே தாங்கும் விட்டம் நசுங்கித் தளம் தாழ்கிறது என்று பொருள். வேகாவில் இது பலரும் அறிந்த நோய்.

11. பாயை ஏற்றும் கயிற்றை (நம் கடற்கரையில் ஆஞ்சான்) குளிர்காலத்தில் உருவி எடுத்து, தலையணை உறையில் போட்டு, வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பால் அலசுங்கள், பிளீச் கூடாது. உருவும் முன் அதன் முனையோடு மெல்லிய நூல்கயிற்றை முனைக்கு முனை வைத்துத் தைத்து, அது பாய்மரத்துக்குள் கிடக்கும்படி விடுங்கள். முடிச்சுப் போட்டால் கப்பியில் மாட்டும். திரும்பக் கோக்கும்போது கயிற்றின் தலையை வாலாக மாற்றினால் தேய்மானம் பரவும். முன்பு கம்பி ஓடிய கப்பியின் பள்ளம் குறுகலாக இருக்கும், அதில் கயிறு ஓடினால் அறுபடும். கப்பியை மாற்றிவிடுங்கள்.

12. வின்ச் பிரிக்கும்போது, அடியில் வட்டமாக வெட்டிய அட்டைப் பெட்டியை, திறந்த வாய் மேலே இருக்கும்படி அதன் மேல் மாட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். துள்ளும் ஸ்பிரிங் கடலுக்குப் போகாது. பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பற்சக்கரத்துக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸ். தடைக்கொக்கிக்கு மெஷின் எண்ணெய் மட்டும். கொக்கி கிரீஸில் ஒட்டிக்கொண்டால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று மணிக்கட்டை உடைத்துவிடும்.

13. மேலே ஏறுகிறவர் இரண்டு கயிற்றில் தொங்க வேண்டும். கொக்கியை நம்பாமல் முடிச்சுப் போடுங்கள். ஸ்பானருக்கும் ஒரு கயிறு. கீழே யாரும் நிற்கக் கூடாது.

14. எல்லாம் மாட்டியபின் இறுக்கத்தை அளக்கக் கருவி இல்லையா? 2 மீட்டர் நேரான குச்சி போதும். கையால் தளர்வு போக்கியபின், குச்சியின் மேல் முனையை மட்டும் வடத்தோடு டேப்பால் ஒட்டி, கீழ் முனை வரும் இடத்தில் வடத்தில் குறியிடுங்கள். இறுக்க இறுக்கக் குறி குச்சியை விட்டு இறங்கும். 19 இழை வடத்தில் 1 மி.மீ. இறங்கினால் அதன் உடைபலத்தில் 5 சதவீத இழுப்பு. முக்கியப் பக்க வடத்துக்கு 3 மி.மீ. வரை போகலாம், இரு பக்கமும் மாறி மாறி. பிறகு நல்ல காற்றில் பாய் விரித்துப் போய், படகு சாய்ந்த பக்கத்து வடத்தைத் தொட்டுப் பாருங்கள். லேசாகத் தளரலாம், ஊசலாடக் கூடாது. ஊசலாடினால் திசை திருப்பி, தளர்ந்த பக்கத்தை மட்டும் திருகுங்கள். புது வடம் முதல் சில பயணங்களில் சற்று நீளும், அதனால் இந்த அளவை ஒரு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். காட்டர் பின்னை அதற்குப் பிறகு விரித்தால் போதும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். முதல் நாளே விரிக்க வேண்டும்.