ஃப்ளாஷ் போயும் ஃபேன் ஓயவில்லை

கேள்வி: என்னுடையது எட்டாம் தலைமுறை இன்டெல் லேப்டாப். விண்டோஸ், உபுண்டு இரண்டும் போட்டிருக்கிறேன். விண்டோஸில் யூடியூப் சத்தமில்லாமல் ஓடுகிறது. அதே வீடியோவை உபுண்டுவில் குரோமில் போட்டால் ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறது, பேட்டரி மளமளவென்று இறங்குகிறது. ஃப்ளாஷ் காலத்திலும் லினக்ஸில் இதே அவஸ்தைதான். அப்போது எல்லோரும் ஃப்ளாஷைத் திட்டினோம். இப்போது யாரைத் திட்டுவது?
- வாசகர், விருதுநகர்

பதில்: அப்போது திட்டியதே பாதிதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

வீடியோ என்பது நசுக்கிக் கட்டிய மூட்டை. நொடிக்கு முப்பது படம் வீதம் அதைப் பிரித்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். இந்த வேலைக்கு உங்கள் லேப்டாப்பில் இரண்டு ஆள் உண்டு. ஒன்று சிபியு. எந்த வேலை கொடுத்தாலும் செய்யும், ஆனால் வியர்த்துக் கொட்டும். மற்றது கிராபிக்ஸ் சிப்புக்குள் இருக்கும் தனிச் சுற்று. மூட்டை பிரிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது, அதை அலட்டாமல் செய்யும். வீடியோ யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதில்தான் ஃபேன் சத்தம் இருக்கிறது.

ஃப்ளாஷ் என்பது பிரவுசரில் செருகிக்கொள்ளும் ஒரு பிளக்-இன். அந்த ஏற்பாடு நெட்ஸ்கேப் பிரவுசர் காலத்தது. பக்கத்தில் ஒரு கட்டத்தை ஒதுக்கி, "இதற்குள் நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்" என்று பிரவுசர் விட்டுவிடும். சின்னச் சின்ன அனிமேஷனுக்கு அது போதும். அந்தக் கட்டத்துக்குள் முழுநீள வீடியோ வந்து உட்கார்ந்ததும் சிக்கல் தொடங்கியது. படத்தைப் பிரிப்பது, நிறக் கணக்கை மாற்றுவது, திரை அளவுக்குப் பெரிதாக்குவது எல்லாமே பெரும்பாலும் சிபியு தலையில் விழுந்தன. கிராபிக்ஸ் சிப்பிடம் போவதற்கு ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஒரு வாசல். விண்டோஸ் வாசலை 2010 ஜூனில் வந்த ஃப்ளாஷ் 10.1 பயன்படுத்திக்கொண்டது. மேக்கில் அந்த வாசலை வெளியாருக்கு ஆப்பிள் திறந்துவிட்டதே 2010-ல்தான். அதுவரை மேக்கில் ஃப்ளாஷ் திணறியதற்கு அதை வைத்திருந்த அடோபி மட்டும் காரணமில்லை.

லினக்ஸில் வாசலுக்குப் பஞ்சமில்லை. என்விடியாவுக்கு ஒன்று, இன்டெலுக்கு இன்னொன்று. எதைத் தட்டுவது என்பதே பிரச்சினை. போதாக்குறைக்கு, 64 பிட்டுக்கான முழு ஃப்ளாஷ் 2011 அக்டோபரில்தான் வந்தது. அதுவரை பலர் 32 பிட் பிளக்-இன்னுக்கு ஒரு உறை மாட்டி 64 பிட் பிரவுசரில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு 11.2 வந்தது. என்விடியா கார்டு வைத்திருந்தவர்களுக்கு அது மறக்காது. சிவப்பும் நீலமும் இடம் மாறி, யூடியூபில் பேசுகிறவர்கள் எல்லாம் கண்ணபிரான் நிறத்தில் வந்தார்கள். சமையல் குறிப்பு சொல்பவரும் நீலம், செய்தி வாசிப்பவரும் நீலம். வேலையைச் சிப்பிடம் கொடுக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தால் முகம் சரியாகும், ஃபேன் மறுபடி இரையும். முகமா ஃபேனா என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

இப்போது நடுவில் பிளக்-இன் இல்லை, பிரவுசரே வீடியோவை ஓட்டுகிறது. ஆனால் வாசல்கள் அதே வாசல்கள்தான். விண்டோஸ் குரோம் தானாகவே சிப்பிடம் போய்விடும். லினக்ஸ் டிரைவர்களை நம்பாமல் குரோம் நெடுங்காலம் அந்த வழியை அடைத்தே வைத்திருந்தது. ஃபயர்பாக்ஸ், இன்டெல் சிப்களுக்கு லினக்ஸிலும் அதைத் திறந்துவிட்டது 2023 ஜூலையில் வந்த 115-ஆம் பதிப்பில். ஆகவே உபுண்டுவில் வீடியோ பார்க்க மட்டும் புதிய ஃபயர்பாக்ஸைப் பயன்படுத்திப் பாருங்கள். இன்டெல் மீடியா டிரைவர் இன்ஸ்டால் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஓடும் யூடியூப் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்தால் கடைசியில் புள்ளிவிவரம் காட்டும் ஒரு வரி வரும். அதைத் திறந்து, கோடெக் (வீடியோவை நசுக்கிய முறை) என்ற இடத்தில் ஏவி1 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் சிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்டெல் சிப்கள் ஏவி1-ஐப் பிரிக்கக் கற்றதே பதினோராம் தலைமுறையில்தான். விபி9 உங்கள் எட்டாம் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். ஹெச்.264 அதைவிடப் பழைய பாடம். யூடியூபை ஹெச்.264 மட்டும் அனுப்பச் சொல்லும் சிறு எக்ஸ்டென்ஷன்கள் கிடைக்கின்றன. 1080-க்கு மேல் தரம் வராது என்பதுதான் குறை. பதினைந்து அங்குலத் திரைக்கு அது போதாதா?

கேள்வி: ஃப்ளாஷைக் கொன்றது ஸ்டீவ் ஜாப்ஸ் என்கிறான் என் மகன். உண்மையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஐபோனில் ஃப்ளாஷை ஏன் விடவில்லை என்று 2010 ஏப்ரலில் அவர் எழுதிய பகிரங்கக் கடிதம் பெரிய அடிதான். மேக் கிராஷ் ஆவதற்கு முதல் காரணமே ஃப்ளாஷ் என்றார். சிப் பிரித்தால் ஐபோனில் பத்து மணி நேரம் வரை ஓடும் வீடியோ, சாஃப்ட்வேர் பிரித்தால் ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது என்று கணக்கும் காட்டினார். தன் ஆப் கடையின் வியாபாரத்தைப் பற்றி அதில் அதிகம் பேசவில்லை, அது வேறு விஷயம். ஆனால் ஆண்ட்ராய்டில் தடுக்க ஜாப்ஸ் இல்லையே! அங்கேயும் மொபைல் ஃப்ளாஷை அடோபியே 2011 நவம்பரில் கைவிட்டது. போன் பேட்டரிதான் கொன்றது என்று மகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் பழைய எக்ஸ்பி மெஷின் ஒன்று இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பிளக்-இன் கன்டெய்னர் என்று ஏதோ ஓடுகிறது. வைரஸா?
- வாசகர், ஈரோடு

பதில்: பெயரை வைத்துப் பார்த்தால் ஃபயர்பாக்ஸுடையது. ஃப்ளாஷ் விழும்போது பிரவுசரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழாமல் இருக்க, 2010-ல் அதைத் தனிக் கூண்டில் போட்டார்கள். அந்தக் கூண்டுதான் அது. நீங்கள் பயப்பட வேண்டியது எக்ஸ்பியை இன்னும் இன்டர்நெட்டில் இணைத்து வைத்திருப்பதற்கு.

கேள்வி: பள்ளியில் ஃப்ளாஷில் செய்த பழைய அறிவியல் பாட சிடிக்கள் உள்ளன. இப்போது திறப்பதில்லை. ஃப்ளாஷ் பிளேயர் எங்கே டவுன்லோடு செய்யலாம்?
- ஆசிரியை, தென்காசி

பதில்: எங்கேயும் செய்யாதீர்கள், டீச்சர். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதை முடித்துவிட்டது. இன்று ஃப்ளாஷ் பிளேயர் தருகிறோம் என்று கூப்பிடும் தளங்களில் வைரஸ் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ரஃபிள் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ரஸ்ட் மொழியில் எழுதியது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இன்டர்நெட் ஆர்க்கைவ் பழைய ஃப்ளாஷ் விளையாட்டுகளைக் காட்டுவது இதை வைத்துத்தான். சிடியில் எஸ்டபிள்யூஎஃப் என்று முடியும் ஃபைல்களைத் தேடி அதில் திறந்து பாருங்கள். ஃப்ளாஷின் பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் செய்தவை பெரும்பாலும் அப்படியே ஓடும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் செய்தவற்றில் சில முரண்டு பிடிக்கும். முதலில் சிடியை ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள், கீறல் விழுந்த சிடிக்கு ரஃபிளாலும் உதவ முடியாது.

எல்லோருக்கும் ஒன்று: அடுத்த முறை எழுதும்போது லேப்டாப் மாடல், ஆபரேட்டிங் சிஸ்டம், பிரவுசர் பதிப்பு மூன்றையும் குறிப்பிடுங்கள். "ஹேங் ஆகிறது" என்று மட்டும் எழுதிய அட்டைகள் இந்த மாதம் நிறைய. அவற்றுக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை.