மணிக்கட்டு ஏன் நேராக இருக்க வேண்டும்?

மாணவர்களே! இடது கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு, வலக்கை விரல்களைத் தட்டச்சு செய்வதுபோல் அசையுங்கள். முன்கைக்குள் தசைகள் அசைவதை உணர்கிறீர்கள் அல்லவா? விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில்தான் உள்ளன. அவற்றின் இழுவிசையைத் தசைநாண்கள் என்னும் கயிறுகள் விரல்களுக்குக் கொண்டு செல்கின்றன. மணிக்கட்டிலுள்ள ஒரு குறுகிய வழியில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கமாகச் செல்கின்றன.

கிணற்றுக் கயிறு வளைந்து செல்வதால்தான் கப்பியை அழுத்துகிறது. நேரான கயிறு எதையும் பக்கவாட்டில் அழுத்தாது. கயிறு 60 பாகை திரும்பினால், அழுத்தும் விசை இழுவிசைக்கே சமமாகிவிடும் (2 × சைன் 30° = 1). மணிக்கட்டை வளைத்தபடி தட்டச்சு செய்யும்போதும் இதுவே நிகழ்கிறது. நாள்தோறும் பல்லாயிரம் தடவை இவ்வாறு அழுந்தி உராய்ந்தால் தசைநாண்களின் உறை தடித்து, நரம்பு நெருக்கப்படலாம். விரல்கள் மரத்துப்போகும், நாளடைவில் கட்டைவிரல் வலுவிழக்கவும் கூடும்.

எழுத்தர்களின் கைநோய்க்கு ஓயாத ஒரே அசைவும் ஒரு காரணம் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1713இலேயே எழுதினார்.

தடுக்கும் வழி எளிது. முழங்கை மட்டத்தில் விசைப்பலகை இருக்கட்டும். மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றாமல் நேராக வைத்து, மெல்லத் தட்ட வேண்டும். இடையிடையே கைகளுக்கு ஓய்வு தேவை. மரத்துப்போதல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கணிப்பொறியில் பணிபுரியும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்குங்கள்.

இறுதியாக ஒரு கேள்வி: மணிக்கட்டை உள்நோக்கி முழுதும் மடக்கிக்கொண்டு விரல்களை இறுக மூடிப் பாருங்கள். பிடி தளர்கிறதே, ஏன்?