இழுத்தால் நிற்க வேண்டும்!

லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாக வடக்கே சென்றால் நெய்வேலி வந்துவிடும். அங்கே 1961ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. இராட்சத இயந்திரங்கள் வெட்டித் தள்ளும் மண்ணையும் நிலக்கரியையும் சுமந்து செல்பவை நீண்ட கன்வேயர் பட்டைகள். இத்தகைய பட்டைகளின் ஓரமாக நெடுகிலும் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். ஒருவரது கையோ சட்டையோ உருளையில் சிக்கினால், அருகில் இருப்பவர் கயிற்றை இழுப்பார். உடனே பட்டை நிற்க வேண்டும். நிற்குமா?

மாணவர்களே, இதற்கான சுவிட்சை நீங்கள் எப்படி அமைப்பீர்கள்? வீட்டு அழைப்பு மணியைப் போல என்று சொல்லத் தோன்றும். இழுத்தால் மின்னோட்டம் பாயும், மோட்டார் நிற்கும். சரி, எலி கம்பியைக் கடித்துவிட்டால்? அன்று யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருவர் கை சிக்கிய நாளில்தான் தெரியும்.

ஆகவே பொறியாளர்கள் இதைத் தலைகீழாக அமைக்கிறார்கள். மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அது ரிலேயில் உள்ள மின்காந்தத்தை உயிருடன் வைத்திருக்கும். கயிற்றை இழுத்தால் சுற்று அறுபடும், மின்காந்தம் பிடியை விடும், வில் பின்னுக்கு இழுக்கும், மோட்டார் நிற்கும். கம்பி அறுந்தாலும் இதே விளைவுதான். வீண் நிறுத்தம் என்று சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. கம்பிகளின் மேலுறை தேய்ந்து இரண்டும் தொட்டுக்கொண்டால், மின்னோட்டம் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் ஓடிவிடும். எனவே இரண்டு தனித்தனிச் சுற்றுகள் வைக்கிறார்கள். ஒன்று அறுபட்டு மற்றது அறுபடாவிட்டால், பழுது நீங்கும்வரை கட்டுப்பாட்டுக் கருவி பட்டையை ஓடவிடாது. ஒரு சுற்று ஏமாற்றும் வாய்ப்பு 1,000இல் 1 எனக் கொண்டால், இரண்டும் சேர்ந்து ஏமாற்றுவது 10 லட்சத்தில் 1. ஆனால் இந்தப் பெருக்கல், இரண்டும் ஒன்றையொன்று சாராதபோதுதான் செல்லும். இரு கம்பிகளையும் ஒரே குழாயில் செலுத்தி, அதன்மேல் ஒரு பாறை விழுந்தால் கணக்கும் நசுங்கிப் போகும்!

சுரங்கம் முன்னேற முன்னேறப் பட்டைகளும் இடம் மாறும், நீளும். முன்பு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரிலேப் பெட்டியைத் திறந்து கம்பிகளை மாற்றிக் கட்டினார்கள். பிழை நுழைவதற்கு அதைவிட நல்ல வாசல் இல்லை. இன்றைய கருவிகளில் ஒரு தலைமைப் பகுதி இருக்கும். தேவைக்கேற்ப ரயில் பெட்டிகளைப் போலத் துணைப் பகுதிகளை அதனுடன் கோத்துக்கொள்ளலாம். தலைமைப் பகுதி ஒவ்வொன்றையும் ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். ஒன்றிடமிருந்து பதில் வராவிட்டால் உடனே நிறுத்தம். பார்த்தீர்களா, பழைய ரிலேயின் விதிதான் இங்கும்: மௌனம் என்றால் ஆபத்து.

ஆனால் பகுதிகள் கூடினால் விசாரிக்கும் நேரமும் கூடலாம். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் பட்டையில், 1/10 வினாடித் தாமதம் என்பது அரை மீட்டர். மோட்டார் நின்ற பின்னும் பட்டை நிலைமத்தால் ஓடும். 4 வினாடிகளில் சீராக வேகம் குறைந்து நின்றால், சராசரி வேகம் 2.5 மீட்டர், ஓடும் தூரம் 10 மீட்டர். அதனால்தான் கயிறு இருந்தும், கை எட்டக்கூடிய உருளைகளுக்குக் கம்பிவலைக் காப்பும் போடுகிறார்கள்.