எல்லைப்புற ஊராட்சிகளில் வாக்காளர் எழுப்பும் வினாக்கள்

கேரளத்தில் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல்கள் நடைபெற்று வருகின்றன. 2025 டிசம்பர் 9ஆம் நாள் இடுக்கி மாவட்டமும் 11ஆம் நாள் பாலக்காடு மாவட்டமும் வாக்களித்தன. இவ்விரு மாவட்டங்களின் கிழக்கோரம் தமிழ்நாட்டைத் தொட்டுக் கிடப்பது. அங்கே வீடு வீடாகச் செல்லும் வேட்பாளரிடம் வாக்காளர் கேட்கும் கேள்விகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கேட்கப்படும் குறைகளில் ஒரு பகுதிதான் பஞ்சாயத்தின் கைக்குள் இருக்கிறது. மற்றொரு பகுதி மாநில அரசின் பொறுப்பு. இன்னொரு பகுதியோ இரு மாநிலங்கள் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டியது. எல்லாவற்றுக்கும் "ஆகட்டும், செய்து தருகிறேன்" என்று தலையசைக்கும் வேட்பாளர் வெற்றி பெறலாம். ஆனால் வென்ற மறு ஆண்டே வாக்காளர் முகத்தில் விழிக்க முடியாமல் போவார்.

சிற்றூர் வட்டம் பழைய கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தவை. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தும் அவை கேரளத்திலேயே நின்றன. எனவே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி முதலிய ஊராட்சிகளிலும், மூணாறு, மறையூர், வட்டவடை மலைகளிலும் தமிழே வீட்டு மொழியாக வழங்கும் குடும்பங்கள் இன்றும் பெருந்தொகையினர்.

தண்ணீர் யார் பொறுப்பு?

பாலக்காட்டின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பகுதியாகும். ஆகவே அங்கு முதற் கேள்வி தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும். "ஏனுங்க தம்பி, வாய்க்கால்ல தண்ணி எப்ப வரும்?" என்று ஒரு முதிய உழவர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். இதற்கு நேர்மையான விடை சற்று நீளமானது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தானது. 1958 நவம்பர் முதலே செல்லத்தக்கதாக அது கொள்ளப்பட்டது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு அணையில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். சிற்றூர்ப் புழையை நம்பிய பாசனத்துக்கு இந்நீரே ஆதாரம். எந்த மாதத்தில் எவ்வளவு திறப்பது என்பதை இரு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசுகிறார்கள். வார்டு உறுப்பினருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது.

அப்படியானால் அவரால் ஆவது ஒன்றுமில்லையா? உண்டு. குளங்களைத் தூர் வாருதல், பொதுக் கிணறுகளைக் காத்தல், சிறு பாசனம், குடிநீர்க் குழாய் ஆகியவை பஞ்சாயத்தின் கடமைகளைச் சேர்ந்தவை. "ஆற்று நீருக்கு மனுக் கொடுக்க உங்களோடு வருவேன், குளத்துக்கு நானே பொறுப்பு" என்று பிரித்துச் சொல்லும் வேட்பாளரை நம்பலாம்.

பஞ்சாயத்தின் அதிகாரம் சிறிதென்று எண்ணுவோர் பெருமாட்டி ஊராட்சியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அங்குள்ள பிளாச்சிமடையில் கோக்கா-கோலா ஆலை 2000ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. உரிமம் வழங்கியதும் அதே பஞ்சாயத்துதான். கிணற்று நீர் வற்றியது, சுவை கெட்டது என்று முறையிட்ட சுற்றுவட்டாரத்து மக்கள், குறிப்பாக இரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினர், 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கினர். அவர்களுள் மயிலம்மா என்ற பழங்குடிப் பெண்மணி நாடறிந்தவரானார். 2003 ஏப்ரலில் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுமக்களுக்குரிய செல்வம் என்ற கருத்தில் தீர்ப்பளித்தார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு ஆலைக்குச் சாதகமாக வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி மீண்டும் தொடங்கவில்லை. ஆகவே "எங்கள் ஊரில் எந்த ஆலைக்கு உரிமம் கொடுப்பீர்கள்? கொடுக்குமுன் எங்களைக் கேட்பீர்களா?" என்பது எந்த வேட்பாளரிடமும் கேட்கத் தக்க கேள்வியாகும். ஆனால் தெருவிளக்கு பற்றிய கேள்விக்கிடையே இது பெரும்பாலும் மறந்து போகிறது.

லயத்து வீடும் வாக்கும்

மலைமேல் ஏறினால் கேள்வி மாறுகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் பல, தலைமுறைகள் கண்டவை. பணி ஓய்வு பெற்றால் அவ்வீட்டையும் விட வேண்டும். வாழ்நாள் முழுதும் அம்மலையில் உழைத்தவருக்கு அம்மலையில் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் மாண்டனர். "எங்களுக்கு வீடு எப்போது?" என்ற வினாவின் பின்னே அந்த இரவும் நிற்கிறது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டு வசதியை முதலாளியின் கடமையாக்கியது. அச்சட்டத்தின் இடத்துக்கு, 2020இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளது. அதிலும் இக்கடமை தொடர்கிறது. எனவே லயத்தைப் பழுதுபார்ப்பது தோட்ட நிருவாகத்தின் வேலை. அரசின் வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர்ப்பது பஞ்சாயத்தின் வேலை. ஆனால் நிலம் வேண்டும். நிலம் தருவதோ மாநில அரசின் வேலை. இம்மூன்றையும் குழப்பித்தான் தேர்தல்தோறும் வாக்குறுதிகள் பிறக்கின்றன.

கேள்வி கேட்டவர்களே வேட்பாளர்களாக மாறிய நிகழ்ச்சியும் இங்கேதான் நடந்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர்கள், பெரிய தொழிற்சங்கங்களின் துணையின்றித் தாமே சாலையில் அமர்ந்தனர். போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டதே காரணம். "பெம்பிளை ஒருமை" என்ற பெயரில் அவர்கள் நடத்திய போராட்டத்தால், போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 விழுக்காடு கிடைத்தது. பின்னர் அக்டோபரில் தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அவர்கள் கேட்டது 500. அடுத்த மாதமே உள்ளாட்சித் தேர்தல். அவ்வமைப்பின் சார்பில் நின்ற கோமதி தேவிகுளம் ஒன்றிய ஊராட்சியின் நல்லதண்ணி தொகுதியில் வென்றார். கூலியும் போனஸும் ஒன்றிய ஊராட்சி தீர்மானிப்பவை அல்ல. போராட்டக் களத்தில் எழுந்த எதிர்பார்ப்பு முழுவதையும் அந்தப் பதவியால் நிறைவேற்ற இயலாது என்பது வெற்றி பெற்ற நாளிலேயே எழுதப்பட்டிருந்தது எனலாம். ஆனால் லயத்துப் பெண் ஒருவர் அக்கூட்டத்தில் அமர்வதே அதுவரை அரிதாக இருந்தது என்பதையும் மறத்தல் ஆகாது.

இடமலைக்குடியின் நிலை வேறு. மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக அமைந்த அவ்வூரில் முதுவர்கள் வாழ்கின்றனர். பாதை இல்லாமையால் அதன் அலுவலகம் நெடுங்காலம் தேவிகுளத்திலேயே இயங்கியது. அங்கே வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அலுவலகம் எங்கே இருக்கும்?

எந்த மொழியில் விடை?

"அறிவிப்பு மலையாளத்தில் வருகிறது, படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது." இக்குறை இரு மாவட்டங்களுக்கும் பொதுவானது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதவும், அம்மொழியிலேயே விடை பெறவும் இடமளிக்கிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறும் வசதி பற்றி அரசியலமைப்பின் 350ஏ பிரிவு பேசுகிறது. சட்டம் இருந்தும் தமிழில் மனு எழுதுவோர் குறைவு. எழுதினால் பதில் வருமோ என்ற ஐயமே காரணம். இதற்குப் பெரும் நிதி எதுவும் வேண்டியதில்லை. கிராமசபை அறிவிப்பைத் தமிழிலும் அச்சிட்டு ஒட்டுவதாக ஒரு வேட்பாளர் உறுதி கூறினால், அதை நிறைவேற்ற அவர் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

கிராமசபையைப் பற்றி அலுவலர்க்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்க்குச் சொல்ல வேண்டும். 1994ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டின் வாக்காளர் அனைவரும் சேர்ந்ததே கிராமசபை. பஞ்சாயத்துத் தலைவர் தலைமை வகிப்பார்; வார்டு உறுப்பினர் அதைக் கூட்டுவார். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவாயிற்று. அப்போதிருந்து பயனாளிப் பட்டியலும் பணிகளின் முன்னுரிமையும் இச்சபையில் வைக்கப்படுகின்றன. பிரசார நாளில் வாசலில் கேட்ட கேள்வியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கே மீண்டும் கேட்கலாம். விடையும் நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவாகும். தொடர்ந்து இருமுறை கிராமசபையைக் கூட்டத் தவறும் உறுப்பினர் பதவியிழக்க நேரிடும் என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது.